‘நம்ம ஆள்’ என்றால் நிரபராதியா? குற்றக் கதைகளும் நமது காதுகளும்

கடந்த தவணையில் தரம் 11 மாணவர்களுக்குக் குடியியல் பாடத்தில் நீதித்துறை பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மீதான குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவர் நிரபராதியாகவே கருதப்பட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

“மிஸ், அத்னான் சையத் கொலை செஞ்சாரா, இல்லையா?”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கினிகத்தேனைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்திலிருந்து மழையில் நனைந்துகொண்டு பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு, அமெரிக்காவின் பல்டிமோர் வழக்கு எப்படித் தெரியும்? விசாரித்தேன். யாரோ ஒருவர் அந்த வழக்கைத் தமிழில் கதையாகச் சொல்லி யூடியூபில் போட்டிருக்கிறார். அப்பாவின் கைப்பேசியில் இராத்திரி இருந்து மூன்று பாகங்களையும் கேட்டு முடித்திருக்கிறான்.

“எனக்குத் தெரியாது மகன்” என்றேன்.

“ஒங்களுக்குத் தெரியாம இருக்குமா மிஸ்? அவரு ஒங்க ஆளுதானே. நீங்க செய்யலன்னுதானே சொல்லுவீங்க” என்றான்.

வகுப்பு சிரித்தது. முன்வரிசையில் இருந்த எங்கள் ஊர் முஸ்லிம் பிள்ளைகள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மாணவன் கெட்ட எண்ணத்தில் எதுவும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரோ அந்தப் பக்கம்தான் பேசுவார் என்பதை அவன் எங்களிடமிருந்துதான் கற்றிருக்கிறான். அந்த வார்த்தை என்னை உறுத்தியதற்குக் காரணம், அதில் உண்மை இருந்ததுதான். அதை இக்கட்டுரையில் ஒளிக்காமல் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு வழக்கு, எண்ணற்ற நீதிபதிகள்

அறியாதவர்களுக்காக வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999 ஜனவரி 13 ஆம் திகதி, மேரிலன்ட் மாநிலத்தில் வூட்லோன் என்ற பாடசாலையின் மாணவி ஹே மின் லீ காணாமற்போனார். அவர் கொரியாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. பெப்ரவரி 9 ஆம் திகதி லீகின் பூங்காவில் அவரது சடலம் கண்டெடுக்கப்பட்டது. அந்த மாத இறுதியில் அவரது முன்னாள் காதலரான அத்னான் சையத் கைதானார். வயது 17. பாகிஸ்தானிய வம்சாவளி முஸ்லிம் குடும்பம். அறிமுகமான ஒருவரின் சாட்சியமும் கைப்பேசிக் கோபுரப் பதிவுகளும் வழக்கின் முதுகெலும்பாக இருந்தன. 2000 ஆம் ஆண்டில் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு, ஆயுள் தண்டனையும் மேலதிகமாக 30 வருடங்களும் விதிக்கப்பட்டார்.

உலகம் இதை மறந்திருந்தது. அத்னானின் குடும்ப நண்பரும் சட்டத்தரணியுமான ராபியா சௌத்ரி, வானொலிச் செய்தியாளர் சாரா கோனிக்கை அணுகினார். 2014 ஒக்டோபரில் ‘சீரியல்’ என்ற பொட்காஸ்ட், அதாவது இணைய ஒலித்தொடர், ஆரம்பமானது. வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு பாகங்கள். கோடிக்கணக்கான தடவைகள் தரவிறக்கப்பட்டது. ஊடகத்துறையின் மதிப்புமிக்க பீபொடி விருது கிடைத்தது. இன்று உண்மைக் குற்றக் கதைகள் என்று மொழிக்கு மொழி ஓடும் தொடர்களுக்கெல்லாம் இதுதான் மூத்த பிள்ளை. எனது மாணவன் கேட்ட தமிழ்க் கதையும் அதன் பேரப்பிள்ளைதான்.

தொடரோடு சேர்ந்தே கேட்பவர்களுக்கிடையில் ஒரு பெரிய வாதம் வெடித்தது. அந்த வாதம் இன்றுவரை ஓயவில்லை.

ஒரு சாரார், ஓர் அப்பாவி இளைஞன் பதினைந்து வருடங்களாகச் சிறையில் வாடுவதை இந்தத் தொடர் வெளிக்கொண்டுவந்தது என்றார்கள். சந்தித்தேன் என்று சொன்ன மாணவியைப் பற்றி அத்னானின் சட்டத்தரணி விசாரிக்கவே இல்லை என்பது அவர்களது வலுவான வாதம்.

இன்னொரு சாரார், சாரா கோனிக் நடுநிலையாக இல்லை என்றார்கள். சிறையிலிருந்து தொலைபேசியில் பேசும் அத்னானின் மென்மையான குரலை வாராவாரம் கேட்கிறோம். முக்கிய சாட்சி தொடருக்குப் பேட்டி தரவில்லை. கொல்லப்பட்ட பிள்ளையின் குடும்பமும் பங்குபற்றவில்லை. ஒரு தரப்பின் குரல் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும்போது மறுதரப்பு வெறும் காகிதமாகிவிடுகிறது. சிரித்துப் பேசும் மனிதரைக் கொலைகாரராக நினைக்க யாருக்கு மனம் வரும்?

மூன்றாவது சாரார் கேட்டது வேறு கேள்வி. அத்னான் பாகிஸ்தானுக்குத் தப்பிவிடக்கூடும் என்று சொல்லி அரச தரப்பு பிணையை எதிர்த்தது. அவரது மதமும் பண்பாடும் கொலைக்கான காரணத்தை விளக்க இழுக்கப்பட்டன. இந்த முஸ்லிம் விரோதத்தைத் தொடர் பத்தாவது பாகத்தில் எடுத்துப் பேசியது. ஆனால் அது போதாது, மிக மெல்லத் தொட்டுவிட்டுப் போய்விட்டது என்பது ராபியா சௌத்ரி போன்றவர்களின் மனக்குறை. கொரிய வம்சாவளி எழுத்தாளர் ஜே காஸ்பியன் காங், அந்த ஆண்டிலேயே வேறொரு விமர்சனத்தை வைத்தார். குடியேறிய இரண்டு குடும்பங்களின் வாழ்க்கையை, அவற்றை வெளியிலிருந்து பார்க்கும் ஒரு வெள்ளையினச் செய்தியாளர் தனது புரிதலுக்கு ஏற்றபடி வெள்ளையின நேயர்களுக்கு விளக்குகிறார் என்பதுதான் அதன் சாரம்.

மூன்று தரப்பாரிடமும் நியாயம் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

வழக்கின் பின்கதையோ ஊஞ்சல் போன்றது. 2016 இல் ஒரு நீதிபதி தீர்ப்பை இரத்துச் செய்தார். 2019 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதை மீண்டும் நிலைநிறுத்தியது. 2022 செப்டெம்பரில் அரச தரப்பே கேட்டுக்கொள்ள, தீர்ப்பு மீண்டும் இரத்தானது. 23 வருடங்களுக்குப் பின் அத்னான் வெளியே வந்தார். அந்த விசாரணைக்கு உரிய முன்னறிவித்தல் தனக்குத் தரப்படவில்லை என்று ஹே மின் லீயின் சகோதரர் மேன்முறையீடு செய்தார். 2023 இல் அவர் வென்றார். குற்றத்தீர்ப்பு திரும்பி வந்தது. 2024 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கடைசியாக 2025 மார்ச்சில், சிறுவயதில் தண்டிக்கப்பட்டவர்களுக்கான சட்டத்தின் கீழ், அனுபவித்த தண்டனை போதும் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அவர் வீட்டில் இருக்கிறார். குற்றத்தீர்ப்பும் அப்படியே இருக்கிறது. தான் செய்யவில்லை என்றே அவர் இன்றும் சொல்கிறார்.

அதாவது, 26 வருடங்கள் நீதிபதிகள் மாறி மாறி ஆராய்ந்தும் ஒரே முடிவில் நிற்க முடியாத ஒரு விடயத்தை, மூன்று பாகங்கள் கேட்டுவிட்டு நாம் இரவோடிரவாகத் தீர்த்துவிடுகிறோம்.

2022 இல் அந்தச் சகோதரர் நீதிமன்றத்தில் பேசியதை நான் மறக்கமாட்டேன். உங்களுக்கு இது ஒரு பொட்காஸ்ட்; எனக்கு இது இருபது வருடங்களுக்கு மேலாக முடியாத கொடுங்கனவு என்ற கருத்தில் அவர் பேசினார். நாம் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டால் கதை முடிந்துவிடும். அந்த வீட்டுக்கு அப்படி ஒரு வசதி இல்லை.

கேட்க விரும்பியதைக் கேட்ட கதை

சீரியலில் முஸ்லிம் இளைஞர் ஒருவருக்குச் சாதகமாகச் சாய்வு இருந்தது என்கிறார்கள் சிலர். நேரெதிர்த் திசையில் சாய்ந்த தொடர் ஒன்றும் உண்டு.

2018 இல் ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகை ‘கலிஃபேட்’ என்ற பொட்காஸ்ட்டை வெளியிட்டது. கனடாவில் வாழும் ஒரு முஸ்லிம் இளைஞர், தான் சிரியாவுக்குப் போய் ஐ.எஸ். இயக்கத்தில் சேர்ந்து கொலைகள் செய்ததாக அதில் விவரித்தார். கேட்டவர்கள் உறைந்துபோனார்கள். அதற்கும் பீபொடி விருது கிடைத்தது. கனடிய முஸ்லிம் குடும்பங்கள் எத்தனை பேருடைய சந்தேகப் பார்வையைச் சுமந்தன என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 2020 செப்டெம்பரில் கனடாப் பொலிஸார் அந்த இளைஞரைக் கைது செய்தனர். பயங்கரவாதம் செய்ததற்காக அல்ல, செய்ததாகப் பொய் சொன்ன குற்றச்சாட்டில். அந்த டிசெம்பரில், தொடரின் முக்கிய பகுதி தமது தரத்துக்கு ஏற்ப உறுதிப்படுத்தப்படவில்லை என்று பத்திரிகை ஒப்புக்கொண்டு விருதைத் திருப்பிக் கொடுத்தது.

இவ்வளவு பெரிய பத்திரிகை எப்படி ஏமாந்தது? என் சிற்றறிவுக்கு எட்டிய காரணம் ஒன்றுதான். கேட்பவர்கள் எதிர்பார்த்திருந்த கதை அது. எதிர்பார்த்த கதை வந்து வாசலில் நின்றால் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

ஒரு தொடரை இரக்கம் இழுத்தது, மற்றதை அச்சம் இழுத்தது. இரண்டிலும் ஒரே ஒருவரின் குரல் மற்றக் குரல்களை மூடியது.

நமது நாட்டுக் கதைகள்

இந்த நோய் அமெரிக்காவோடு நிற்கவில்லை. நம் நாட்டில் இதற்குப் பொட்காஸ்ட்கூடத் தேவைப்படுவதில்லை. ஒரு வட்ஸ்அப் குரல்பதிவு போதும்.

2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் ஒரு சிறுமி படுகொலை செய்யப்பட்டபோது நாடே கொதித்தது. முதலில் ஒரு பாடசாலை மாணவன் பிடிக்கப்பட்டான். அவனைப் பற்றி எழுதாத கதை இல்லை. மரபணுப் பரிசோதனை பொருந்தவில்லை, விடுவிக்கப்பட்டான். அடுத்து ஒருவர், பட்டப்பெயரோடு ஊடகங்களில் காட்டப்பட்டார். அவர் ஒப்புக்கொண்டார் என்றும் செய்தி வந்தது. மரபணு அவருக்கும் பொருந்தவில்லை. கடைசியில் அவரது சகோதரர்தான் 2016 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். இதில் இனமும் இல்லை, மதமும் இல்லை. ஆனால் அந்த மாணவன் மறுபடி வகுப்பறைக்குள் எப்படி நுழைந்திருப்பான் என்று ஓர் ஆசிரியையாக நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அவனை விடுவித்த செய்தியை அவனைத் திட்டிய அத்தனை பேரும் வாசித்திருப்பார்களா?

இனமும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை 2019 காட்டியது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து ஒரு மாதம். மே 23 ஆம் திகதி ‘திவயின’ பத்திரிகையின் முதற்பக்கத்தில், ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று செய்தி வந்தது. மறுநாளே குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கைதானார். அவருக்கு எதிராக முறைப்பாடு செய்ய வருமாறு பெண்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். அவரது சொத்து, அவரது மனைவி, பிள்ளைகள், அவரது அரசியல் என்று எல்லாம் அலசப்பட்டன. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25 ஆம் திகதிதான் பிணை கிடைத்தது. பின்னர் அவருக்கான நிலுவைச் சம்பளம் வழங்க உத்தரவானது. மருந்துத் தட்டுப்பாடு நிலவிய 2022 இல் அந்தப் பணத்தை அவர் மருந்து வாங்கவே அன்பளிப்புச் செய்தார்.

அந்த நாட்களில் நமது வீடுகளில் எவ்வளவு கண்ணீர் விட்டோம்! விசாரணை முடியும் முன் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்று கேட்டோம். மறுதரப்பைக் கேட்டீர்களா என்று கேட்டோம். ஒரு மனிதரைப் பற்றிய செய்தியை ஏன் ஒரு சமூகத்தின் தலையில் கட்டுகிறீர்கள் என்று கேட்டோம். கினிகத்தேனை பஸாரில் எனது நானா வைத்திருக்கும் சிறிய கடைக்கு வழமையாக வருபவர்கள் சிலர் அந்த மாதங்களில் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நடந்துபோனார்கள். நாம் கேட்ட கேள்விகள் அத்தனையும் சரியானவை. இன்றும் சரியானவை.

ஆனால் இரண்டே வருடத்தில் நமக்கும் ஒரு பரீட்சை வந்தது.

டயகமச் சிறுமி

2021 ஜூலை 3 ஆம் திகதி, டயகமத் தோட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறுமி தீக்காயங்களுடன் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். அவள் வேலை செய்தது, அந்த நேரம் தடுப்புக்காவலில் இருந்த முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீனின் கொழும்பு வீட்டில். ஜூலை 15 ஆம் திகதி அவள் இறந்துபோனாள். வயது 16. வேலைக்குச் சேர்ந்தபோது அதற்கும் குறைவு. அவ்வீட்டைச் சேர்ந்தவர்களும் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட தரகரும் கைதானார்கள். புதைத்த உடலைத் தோண்டியெடுத்து இரண்டாவது பிரேதப் பரிசோதனை நடந்தது. அவளது பெயரை நான் இங்கு எழுதவில்லை. பல்டிமோர் மாணவியின் பெயரை உலகம் மறந்தது. இந்தப் பிள்ளையின் பெயரையோ போதும் போதும் என்னுமளவுக்குத் தெருவில் இழுத்துவிட்டது.

கொரோனாக் காலம். பாடசாலைகள் மூடியிருந்தன. எல்லோர் கையிலும் கைப்பேசி. யூடியூபில் தமிழிலும் சிங்களத்திலும் நாளுக்கு நாள் புதுப்புதுக் கதைகள். பின்னணி இசை, இருட்டான படம், தழுதழுத்த குரல். வீட்டுக்குள் நின்று கண்ணால் கண்டவர்போல ஒவ்வொருவரும் விவரித்தார்கள். சிலருக்கு அது ஓர் அரசியல்வாதியின் வீடு. சிலருக்கு அது ‘முஸ்லிம் வீடு’. கடைக்கு வந்த ஒரு தோட்டத்து அம்மா, கணக்குக் கொப்பியை நீட்டிக்கொண்டே, “ஒங்க ஆளுங்க செஞ்ச வேலையப் பாத்தீங்களா நானா?” என்று கேட்டார். எங்கள் கடையில் இருபது வருடமாகக் கடனுக்குச் சாமான் வாங்குபவர் அவர். நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அதெல்லாம் அரசியல் பழிவாங்கல்” என்றார். இருவரும் கேட்டிருந்தது இரண்டு வேறு கதைகளை. இருவருக்கும் எதுவும் தெரியாது.

நான் என்ன செய்தேன்? இதுதான் நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது.

உறவினர் ஒருவர் எனக்கு ஒரு குரல்பதிவை அனுப்பியிருந்தார். பேசியவர் யார் என்று தெரியாது. நன்றாகப் பேசினார். இது முஸ்லிம் தலைமையை ஒழிக்கும் சதி என்று ஆரம்பித்து, மெல்ல மெல்ல அந்தப் பிள்ளையைப் பற்றியும் அவளது பெற்றோரைப் பற்றியும் சொல்லத் தகாத ஊகங்களைச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஆறுதலாக இருந்தது. ‘நம்ம ஆள்’ பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்லும் ஒரு குரலை மனம் தேடிக்கொண்டிருந்தது. ஆசிரியர்களுக்கான எங்கள் வட்ஸ்அப் குழுவில் அதைப் பகிர்ந்தேன்.

அரை மணித்தியாலம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு என்னோடு பன்னிரண்டு வருடங்கள் ஒரே பாடசாலையில் கற்பித்த, லயத்தில் பிறந்து வளர்ந்து ஆசிரியையான தோழி ஒருவர் எழுதினார்: “டீச்சர், அந்தப் பிள்ளை எங்க லயத்துப் பிள்ளை மாதிரி. அது செத்துப்போச்சு. அதுக்கிட்ட இனிப் பதில் கேக்க முடியாது.”

பதிவை அழித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். ஆனால் வைத்தியர் ஷாபிக்காக அழுத அதே நான், இரண்டு வருடம் கழித்து, திவயின செய்ததை எனது சிறிய அளவில் செய்தேன். முகம் தெரியாத ஒருவரின் கதையை நம்பி, பதில் சொல்ல முடியாத ஒரு குடும்பத்தின் மானத்தில் கைவைத்தேன்.

அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் காணாமற்போனது ஒன்று உண்டு. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை ஏன் டயகமவிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போனாள்? தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கும் வர்த்தமானியே அந்த வருடம் மார்ச்சில்தான் வந்தது. அந்த வருடத்தில்தான் வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதும் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. தரகர்கள் லயங்களுக்கு வந்து பிள்ளைகளைக் கூட்டிச்சென்றதும், கொழும்பில் எல்லா இனத்தவர் வீடுகளும் அவர்களை ஏற்றுக்கொண்டதும் மலையகத்தில் எல்லோரும் அறிந்த விடயம். நமது உறவுக்காரர் வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கதைசொல்லிகளுக்கு அது சுவையான பகுதி அல்ல. ‘அவர்கள் குற்றவாளி’, ‘இல்லை, சதி’ என்று இரண்டு கதைகள் மோதிக்கொண்டிருந்தபோது, இரண்டு தரப்புமே பதில்சொல்ல வேண்டிய அந்தக் கேள்வி நடுவில் தொலைந்துவிட்டது.

நமக்குச் சொல்லப்பட்டிருப்பது

நமது மார்க்கம் இந்த விடயத்தில் மௌனமாக இல்லை. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதபடி அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் கட்டளையிடுகிறது. 2019 இல் இந்த வசனத்தை நாம் மற்றவர்களுக்கு எவ்வளவு அனுப்பினோம்! ஜும்ஆக்களிலும் கேட்டோம். ஆனால் சூரத்துன் நிஸாவின் 135 ஆவது வசனத்தை அதே அளவுக்கு நாம் எடுத்துச் சொல்வதில்லை. நமக்கோ, நமது பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. முதல் வசனம் நம்மைப் பாதுகாக்கிறது. இரண்டாவது நம்மைச் சோதிக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் அலி (ரழி) அவர்களை யெமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, முதலாமவர் சொன்னதைக் கேட்டதுபோல் மற்றவர் சொல்வதையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியதாக ஹதீஸ் உண்டு. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்ததும் இதைத்தான். இரண்டு பிள்ளைகள் அடிபட்டுக்கொண்டு வந்தால், அழுகிற பிள்ளையை மட்டும் கேட்டுவிட்டுப் பிரம்பை எடுக்காதீர்கள். சில நேரம் முதலில் அடித்தவன்தான் முதலில் அழுவான். நல்ல குரல்வளம் உள்ளவன்தான் உண்மை சொல்கிறான் என்று இல்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று சிலர் கேட்கலாம். 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. அது கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று பலரும் எச்சரித்தார்கள். சட்டத்தை நம்புவதில் நமக்கு ஏற்கனவே அனுபவம் உண்டு. 2007 இல் இயற்றப்பட்ட, வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ்தான், 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவரது ஆடையில் அச்சிட்டிருந்த கப்பற் சுக்கான் சக்கரத்தைத் தர்மசக்கரம் என்று எடுத்துக்கொண்டதே காரணம். கேட்பவரின் மனம் திருந்தாத இடத்தில் சட்டமும் பெரும்பான்மையின் காதால்தான் கேட்கும்.

குற்றக் கதைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீரியல் இல்லாவிட்டால் அத்னானின் வழக்கு இந்த அளவுக்குக் கவனம் பெற்றிருக்காது. டயகமச் சிறுமியைப் பற்றி ஊடகங்கள் பேசியிராவிட்டால் இரண்டாவது பிரேதப் பரிசோதனை நடந்திருக்குமா என்பதும் சந்தேகமே. ஏழையின் மரணம் சத்தம் போட்டால்தான் கேட்கிறது. அதனால் கதை சொல்பவருக்குப் பொறுப்பு உண்டு என்பதோடு நாம் நின்றுவிட முடியாது. கேட்டுப் பகிர்பவருக்கும் அந்தப் பொறுப்பில் பாதி இருக்கிறது. நாம் கேட்கும்வரைதான் அவர் சொல்வார். நாம் எதைக் கேட்க ஆசைப்படுகிறோமோ அதைத்தான் சொல்வார்.

மறுவாரம் அந்த மாணவனின் கேள்விக்குப் பதிலாக, கரும்பலகையில் ஐந்து கேள்விகளை எழுதினேன். இந்தக் கதையில் யாருடைய குரல் கேட்கிறது? யாருடைய குரல் கேட்கவே இல்லை? சொல்பவர் கண்டது எது, ஊகித்தது எது? குற்றம் சாட்டப்பட்டவர் எனது சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் இதே கதையை நான் நம்புவேனா. இறந்தவர் எனது வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இதைப் பகிர்வேனா? இவற்றை வைத்துக்கொண்டு அந்த யூடியூப் கதையைத் திரும்பக் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். கடைசிக் கேள்வியை எழுதும்போது எனது தோழி பக்கத்து வகுப்பில் கற்பித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

மூன்று நாட்கள் கழித்து அவன் கொப்பியோடு வந்தான். ஊகங்கள் என்று பதினொன்றை எண்ணி எழுதியிருந்தான். அத்னான் செய்தாரா, இல்லையா என்று இந்தத் தடவை அவன் கேட்கவில்லை.

“மிஸ், மூணு பாகமும் கேட்டேன். செத்துப்போன அந்த அக்காவுக்கு என்ன புடிக்கும், என்ன படிச்சாங்க, ஒண்ணுமே அவரு சொல்லல. கொன்னது யாருன்னு மட்டுந்தான் சொல்றாரு.”

அவனது கொப்பியில் சரி அடையாளம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த குரல்பதிவு இன்றோ நாளையோ நமது கைப்பேசிக்கும் வரும். அதில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் நம்மவராகவும் இருக்கலாம், அடுத்தவராகவும் இருக்கலாம். பகிர்வதற்கு முன், அந்தத் தோட்டத்துப் பிள்ளை கேட்ட அளவுக்காவது நாமும் கேட்டுப் பார்ப்போம்.